இமயத்து வெண்பனியும் நம் ஊர்க் குடிநீரும்

மூன்றாம் ஆண்டு புவியியல் மாணவர், வடபழனி

பனி என்றதும் தமிழ் மக்களின் நினைவுக்கு வருவது மார்கழி மாதத்து விடியற்காலையே. புல் நுனியில் முத்தென நிற்கும் துளியையும், வைகறையில் நீராடி வடபழனி முருகன் கோயிலுக்குச் செல்வோரின் தலையில் இறங்கும் ஈரத்தையும் நாம் பனி என்கிறோம். நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். அவர்கள் கண்ட பனியும் பெரும்பாலும் இந்தப் பனியே. உதகையில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதுண்டு. அதுவும் காற்றிலுள்ள நீராவி தரையை ஒட்டி உறைவதால் உண்டாகும் உறைபனியேயன்றி, வானிலிருந்து விழுந்தது அன்று.

வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி, மலைமேல் ஆளுயரத்திற்குக் குவியும் மற்றொரு பனி உண்டு. அதனை வெண்பனி என்று இக்கட்டுரையில் அழைப்போம். திரைப்பட நகரமாம் நம் வடபழனி, கோடம்பாக்கம் பகுதியில் வாழ்வோர் அதனைக் காஷ்மீரத்துப் பாடற் காட்சிகளில் கண்டிருப்போம். கையால் தொட்டவர் நம்மில் மிகச் சிலரே. ஆயினும் அந்த வெண்பனி குறித்து ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அறிவியலார் ஆராய்ந்து அறிக்கை தருகின்றனர். இவ்வாண்டு மலையில் எவ்வளவு வெண்பனி கிடக்கிறது, இயல்பைவிட மிகுதியா குறைவா, கோடையில் ஆறுகளில் எவ்வளவு நீர் வரும், பருவமழை எப்படியிருக்கும் என்பன அவ்வறிக்கைகள் விடை காண முயலும் வினாக்கள்.

"இமயமலையில் விழும் பனிக்கும் வடபழனியில் குடத்துடன் தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பவர்க்கும் என்ன தொடர்பு?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அது நேரானதும் அன்று, உறுதியானதும் அன்று. ஆனால் அந்தத் தொடர்பைத் தேடிய முயற்சியிலிருந்துதான் இந்தியாவின் பருவமழை முன்னறிவிப்பே பிறந்தது. அவ்வரலாற்றையும் அதன் அறிவியலையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைமேல் ஒரு நீர்த்தேக்கம்

இமயமலையின் மேற்குப் பகுதியில் வெண்பனி பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை பொழிகிறது. அதனைக் கொண்டு வருவது நாம் அறிந்த தென்மேற்குப் பருவக்காற்று அன்று. மத்தியதரைக் கடற் பகுதியில் தோன்றும் குறைந்த அழுத்த மண்டலங்கள் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே கிழக்கு நோக்கி நகர்ந்து வருகின்றன. இவற்றை வானிலையாளர் மேற்கத்திய இடையூறுகள் என்பர். இவை மலையில் மோதி மேலெழும்போது காஷ்மீரம், லடாக், இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட் ஆகிய பகுதிகளின் உயர்ந்த இடங்களில் வெண்பனி விழுகிறது. கிழக்கு இமயத்தின் நிலை வேறு. அங்கே கோடைப் பருவக்காற்றே மழையையும், மிக உயர்ந்த இடங்களில் வெண்பனியையும் தருகிறது.

மழை விழுந்ததும் ஓடிவிடும். வெண்பனியோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஏப்ரல் முதல் சூன் வரை சிறிது சிறிதாக உருகி ஆறுகளில் இறங்கும். மழையில்லாத கோடையில், பயிருக்கு நீர் மிகவும் வேண்டிய வேளையில் அது வருகிறது. அணை கட்டாமல், கால்வாய் வெட்டாமல், இயற்கையே அமைத்துக் கொடுத்த நீர்த்தேக்கம் அது எனலாம். நமது பூண்டி ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கிச் சித்திரை, வைகாசியில் நமக்கு அளிப்பது போன்றதே இந்தப் பணியும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பனியாறு வேறு, பருவகால வெண்பனி வேறு. பனியாறு என்பது பல நூறு ஆண்டுகளாக இறுகிப் பனிக்கட்டியாகி மலைச்சரிவில் மெல்ல நகர்வது. அதனை நம் பரம்பரைச் சொத்து எனக் கொண்டால், பருவகால வெண்பனி ஆண்டு வருமானம் போன்றது. சொத்து மெல்லக் குறைவது ஒரு கவலை. வருமானம் ஓராண்டு திடீரெனக் குறைவது மற்றொரு கவலை. வசந்த கால அறிக்கைகள் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றியே.

சிந்து ஆற்றுப் படுகையில் ஓடும் நீரில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெண்பனி உருகுவதால் வருவது என மதிப்பிடப்பட்டுள்ளது. கங்கைப் படுகையில் இது ஏறத்தாழ 10 விழுக்காடே. அங்கு மழையே முதன்மையானது. சட்லெஜ் ஆற்றின் குறுக்கே எழுப்பப்பட்டு 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணைக்கு வரும் நீரில் பாதிக்கும் மேற்பட்டது வெண்பனியும் பனியாறுகளும் தருவதே. பஞ்சாபின் கோதுமை வயல்களும் அரியானாவின் நெல் வயல்களும் மலைமேலுள்ள அந்த வெள்ளைக் களஞ்சியத்தை நம்பியிருக்கின்றன என்றால் அது மிகையாகாது.

இலக்கியப் பேராசிரியர் தந்த அளவுகோல்

சரி, மலையில் எவ்வளவு நீர் கிடக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? ஆழத்தை அளந்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. புதிதாக விழுந்த வெண்பனி இலவம்பஞ்சு போன்றது. பத்து அங்குல ஆழமுள்ள புதுப்பனியை உருக்கினால் ஏறத்தாழ ஓர் அங்குல நீரே கிடைக்கும். அதே பனி மாதக்கணக்கில் தன் எடையால் தானே அமுங்கி இறுகிய பின், வசந்த காலத்தில் பத்து அங்குலத்தில் மூன்று முதல் ஐந்து அங்குல நீர் இருக்கலாம். ஆகவே அறிய வேண்டுவது ஆழம் அன்று, அதற்குள் அடங்கிய நீரின் அளவு. அறிவியலார் இதனை வெண்பனியின் நீர்ச்சமானம் என்பர்.

இதனை எளிதாக அளக்க வழி கண்டவர் ஓர் இயற்பியல் அறிஞர் அல்லர் என்பது கலைக்கல்லூரி மாணவராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழியும் பண்டை இலக்கியமும் கற்பித்த ஜேம்ஸ் எட்வர்டு சர்ச் என்பவரே அவர். ரோஸ் மலையில் குளிர்காலத்தில் ஏறுவதில் விருப்பம் கொண்டிருந்த அவர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். அடியில் பற்கள் கொண்ட நீண்ட உலோகக் குழாயொன்றை வெண்பனிக்குள் தரைமட்டம் வரை இறக்கி, உள்ளே அகப்பட்ட பனித்தண்டுடன் அதனை வெளியே எடுத்து வில் தராசில் தொங்கவிட்டார். குழாயின் எடையைக் கழித்தால் பனியின் எடை. பனியின் எடையே அது உருகினால் கிடைக்கும் நீரின் எடை. உருக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை!

ஒரே இடங்களில் ஆண்டுதோறும் ஒரே நாட்களில் இவ்வாறு எடுத்த அளவுகளை, முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டு இத்தனை விழுக்காடு எனக் கூறுவதும் அவர் வகுத்த முறையே. இவ்வாண்டு வெண்பனி இயல்பில் 80 விழுக்காடு என்றால், கோடையில் ஆற்றுநீரும் ஏறத்தாழ அந்த அளவிலேயே குறையக்கூடும். மலை முழுவதையும் அளக்க இயலாது. ஆனால் சில இடங்களை ஒழுங்காக அளந்தால் மலை முழுவதன் போக்கையும் ஊகிக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதன் அறிவியல் வடிவமன்றோ இது!

இக்காலத்தில் பனியின் எடையைத் தானே உணர்ந்து வானொலி அலைகளால் செய்தி அனுப்பும் தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. செயற்கைக்கோள்கள் வெண்பனி மூடிய பரப்பை நாள்தோறும் படமெடுக்கின்றன. ஆயினும் பரப்பைக் காண்பது எளிது. ஆழத்தையும் நீரளவையும் விண்ணிலிருந்து அறிவது கடினம். மேகம் மறைக்கும், செங்குத்தான பள்ளத்தாக்குகள் அளவைக் குழப்பும். ஆதலால் மலையேறிச் சென்று அளப்பவரின் தேவை இன்றும் தீரவில்லை. நம் நாட்டில் வெண்பனியையும் பனிச்சரிவையும் ஆராய 1969-இல் மணாலியில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த அது, 2020-இல் மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டுச் சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகிறது.

தாது வருஷப் பஞ்சம்

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1876-ஆம் ஆண்டு தென்னகத்தில் மழை பொய்த்தது. தமிழாண்டின் பெயரால் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டனார்கள் நடுக்கத்துடன் சொல்லி வந்த கொடுமை அப்போதுதான் தொடங்கியது. 1877-இல் வறட்சி வட இந்தியாவுக்கும் பரவியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. உண்ண உணவின்றிச் சென்னையில் வந்து குவிந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தி, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாயை அரசு வெட்டியது. மயிலாப்பூர் வழியே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி அதுதான். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்து செல்லும் அக்கால்வாயின் ஒவ்வொரு முழமும், பசித்த வயிறுகள் தோண்டியது என்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

மழை பொய்க்கப் போவதைச் சில மாதங்கள் முன்னரே அறிந்திருந்தால் தானியத்தைச் சேமித்திருக்கலாமே என்ற ஏக்கம் அப்போது எழுந்தது. 1875-இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவராக இருந்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. பருவமழையை முன்கூட்டிக் கூறுமாறு அரசு அவரைக் கேட்டது. அவர் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் வசந்தத்திலும் இமயத்தில் வழக்கத்திற்கு மீறி வெண்பனி பொழிந்த ஆண்டுகளில், வடமேற்கிலிருந்து உலர்ந்த காற்று நீடித்து வீசி, பருவமழை தாமதித்தோ குன்றியோ போனதை அவர் கண்டார். 1877-ஆம் ஆண்டும் அத்தகையதே. இக்கருத்தை 1884-இல் இலண்டன் ராயல் கழகத்தின் வாயிலாக உலகிற்கு அறிவித்தார். சில ஆண்டுகள் வெள்ளோட்டம் பார்த்தபின், 1886 சூன் 4-ஆம் நாள் இந்தியாவுக்கும் பர்மாவுக்குமான முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளிவந்தது. அதன் அடிப்படை இமயத்து வெண்பனியே! நாட்டின் முதல் மழைக் கணிப்பு, மழையை நோக்காமல் மலையை நோக்கிப் பிறந்தது என்பது வியப்புக்குரியது.

வெண்பனி மழையை எவ்வாறு தடுக்கும்?

பிளான்போர்டு கண்டது ஒரு தொடர்பு. அதற்குக் காரணம் என்ன?

பருவக்காற்றின் அடிப்படை நிலத்திற்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. கோடையில் நிலம் விரைவில் சூடேறுகிறது. கடல் மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின்மேல் காற்று இலேசாகி எழ, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. இதில் திபேத்தியப் பீடபூமிக்குச் சிறப்பான இடமுண்டு. சராசரியாக 4,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பரந்து கிடக்கும் அந்நிலம், வானத்தின் நடுவே ஏற்றி வைத்த அடுப்பைப் போல மேற்காற்றையே சூடாக்குகிறது. அந்த அடுப்பு எரிந்தால்தான் பருவக்காற்று வலுப்பெறும்.

வெண்பனி அந்த அடுப்பை மூன்று வகையில் அவிக்கிறது.

முதலாவது, ஒளியைத் திருப்பி அனுப்புதல். வெயிலில் கறுப்புச் சட்டை சுடுவதும் வெள்ளை வேட்டி சுடாததும் நாம் அறிந்தவை. புதிய வெண்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடுகிறது. வெறும் மண்ணோ கால்பங்கைக்கூடத் திருப்புவதில்லை.

இரண்டாவது, உருகுவதற்கே வெப்பத்தைச் செலவிடுதல். சுழியம் பாகை செல்சியசில் உள்ள ஒரு கிராம் பனியை அதே வெப்பநிலையில் நீராக மாற்ற 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு ஒரு கிராம் நீரைச் சுழியத்திலிருந்து 80 பாகை வரை சூடேற்றிவிடலாம். இதற்குச் சான்று நம் கடற்கரையிலேயே நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் கட்டடம், 1842-இல் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டியது. பாஸ்டன் நகரை அடுத்த ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, பாய்க்கப்பலில் பல மாதப் பயணமாக வெப்ப நாடுகளின் கடல்களைக் கடந்து சென்னைக்குக் கொண்டுவந்து விற்றார். வழியில் ஒரு பகுதி கரைந்தது உண்மையே. ஆயினும் எஞ்சியது வந்து சேர்ந்ததற்கு, மரத்தூளின் காப்புடன் பனிக்கட்டியின் இந்த அரிய இயல்பும் காரணம். உருகுவதற்கு அத்தனை வெப்பத்தை அது கேட்கிறது. டியூடருக்குச் செல்வம் தந்த அதே இயல்புதான் திபேத்தின் வசந்தத்தைத் தாமதிக்கச் செய்கிறது.

மூன்றாவது, உருகியபின் எஞ்சும் ஈரம். நனைந்த மண்ணின்மீது விழும் வெயில் முதலில் ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிறது. ஈரத்துணி உலரும்வரை சூடேறாதது போல நிலமும் உலரும்வரை சூடேறுவதில்லை. இவ்வாறு ஏப்ரலில் கரைந்துபோன பனியின் விளைவு சூன் வரையிலும் நீடிக்கக்கூடும்.

வாக்கரும் நம் இராமானுஜனும்

பிளான்போர்டின் விதி எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பொருந்தவில்லை. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட், வெண்பனியோடு வேறு சில காரணங்களையும் சேர்த்து முன்னறிவிப்பு செய்தார். 1899-இல் நல்ல மழை பெய்யும் என்றார். அவ்வாண்டு கடும் வறட்சி வந்து, மீண்டும் பஞ்சம் நாட்டை வாட்டியது. கணிப்பு பொய்ப்பது வெறும் ஏட்டுப் பிழையன்று, உயிர்ப் பிழை என்பதை அது உணர்த்தியது.

1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் முதன்மை பெற்ற கணித மேதை. ஓர் ஆண்டின் மழையோடு உலகின் எந்தெந்த இடங்களின் அழுத்தமும் மழையும் பனியும் ஒட்டிச் செல்கின்றன என்பதை எண்களால் அளந்தார். மே மாத முடிவில் இமயத்தில் எஞ்சியுள்ள வெண்பனி, மொரீசியசின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், சான்சிபாரின் மழை ஆகிய நான்கையும் கொண்டு அவர் ஒரு சூத்திரம் அமைத்தார். இத்தேடலின் விளைவாகவே பசிபிக் பெருங்கடலின் இருபுறமும் அழுத்தம் ஏறியிறங்கும் தெற்கத்திய அலைவை உலகிற்கு எடுத்துக்காட்டினார். இன்று எல் நினோ என்று செய்தித்தாள்கள் பேசுவது அந்த அலைவோடு பின்னிப் பிணைந்த கடல்வெப்ப மாற்றமே.

இவ்வாக்கருக்குச் சென்னை வேறொரு வகையிலும் கடன்பட்டுள்ளது. 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணிதக் குறிப்புகள் அவரிடம் காட்டப்பட்டன. அவற்றின் தகுதியை உணர்ந்த வாக்கர், அவ்விளைஞருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். அதன்பின் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அவ்விளைஞர் சீனிவாச இராமானுஜன். மழையைத் தேடியவர் கண்ணில் மாணிக்கமும் பட்டது!

வெண்பனி பற்றிய கருத்துக்கு மறுவாழ்வு தந்தது செயற்கைக்கோள். 1967 முதல் கிடைத்த படங்களைக் கொண்டு, டக்ளஸ் ஹான் என்பவரும், உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்திலிருந்து சென்ற ஜகதீஷ் சுக்லாவும் 1976-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இமயம் மட்டுமன்றி ஐரோப்பா, ஆசியா முழுவதிலும் குளிர்காலத்தில் வெண்பனிப் பரப்பு மிகுந்தால் இந்தியாவில் கோடைமழை குறைகிறது, பரப்பு குறைந்தால் மழை மிகுகிறது என அவர்கள் காட்டினர். 1988-இல் வசந்த் கோவாரிகர் குழுவினர் அமைத்த பதினாறு காரணிகள் கொண்ட முறையிலும் வெண்பனிக்கு இடமிருந்தது. அம்முறை பல ஆண்டுகள் கைகொடுத்தது. ஆனால் 2002-இல் இயல்பான மழை என்று கூறியிருக்க, பெய்தது இயல்பில் 81 விழுக்காடே. அதன்பின் முறைகள் மாற்றப்பட்டன. 2021 முதல் கடலையும் காற்றையும் நிலத்தையும் ஒருங்கே கணிக்கும் பல கணினி மாதிரிகளின் கூட்டு முடிவை வானிலைத் துறை பயன்படுத்துகிறது. அப்போதும் ஏப்ரல் மாத முன்னறிவிப்பில் வடகோளத்தின் வெண்பனிப் பரப்பைக் குறிப்பிடத் தவறுவதில்லை.

அண்மை ஆண்டுகள் கூறுவது

காட்மாண்டுவில் உள்ள பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையம், இந்துகுஷ் இமயமலைப் பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை வெண்பனி எத்தனை நாள் தரையில் தங்கியது என்பதை ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. 2024-இல் அது இயல்பைவிட 18.5 விழுக்காடு குறைவு. 2025-இல் 23.6 விழுக்காடு குறைவு. 23 ஆண்டுகளில் இதுவே மிகத் தாழ்ந்தது. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக வெண்பனி இயல்புக்குக் குறைந்திருந்தது. கங்கைப் படுகையில் 24 விழுக்காடும், சிந்துப் படுகையில் 16 விழுக்காடும் குறைவு எனவும் அவ்வறிக்கை கூறியது.

இதே மூன்றாண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைப் பார்ப்போம். 2023-இல் நீண்டகாலச் சராசரியில் 94 விழுக்காடு, 2024-இல் 108, 2025-இலும் 108. வெண்பனி குறைந்தால் மழை மிகும் என்ற விதி இரண்டு ஆண்டுகளில் பொருந்தியது போல் தோன்றுகிறது; ஓராண்டில் பொருந்தவில்லை. 2023-இல் எல் நினோ தலைதூக்கியிருந்ததே அதற்கு முக்கியக் காரணம். மேலும், இமயத்தின் பனி வேறு, ஐரோப்பா ஆசியா முழுவதன் பனி வேறு; இரண்டும் எப்போதும் ஒன்றுபோல் ஏறியிறங்குவதில்லை. ஆகவே வெண்பனி பருவமழையின் தலையெழுத்தை எழுதும் கையன்று. பல கைகள் பிடித்திழுக்கும் தேரில் அதுவும் ஒரு வடம்.

இதில் மற்றொரு முரணையும் காண்க. வெண்பனி குறைந்த ஆண்டு, பருவமழையை எதிர்நோக்கும் உழவர்க்கு நற்குறியாக இருக்கலாம். ஆனால் அதே ஆண்டில் ஏப்ரல், மே மாதங்களில் உருகுநீரையே நம்பியிருக்கும் சிந்துப் படுகை உழவர்க்கு அது கேடு. ஒரே செய்தி ஒருவர்க்கு வாழ்வு, மற்றவர்க்குத் தாழ்வு. இயல்பு, குறைவு என்னும் சொற்களைச் செய்தித்தாளில் படிக்கும்போது, யாருக்கு, எந்த மாதத்தில் என்றும் கேட்கப் பழக வேண்டும்.

சென்னைக்கு வரும் இழைகள்

நம் நகரத்திற்கு ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்டதைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அதற்கும் வசந்த கால வெண்பனிக்கும் நேரடித் தொடர்பு கூறுவதற்கில்லை. தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும் எல் நினோ, நமக்குப் பல ஆண்டுகளில் மழையை மிகுவிப்பதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம் அத்தகைய ஆண்டில் வந்தது.

ஆயினும் இரண்டு இழைகள் நம்மைத் தென்மேற்குப் பருவமழையோடு பிணைக்கின்றன. ஒன்று கிருஷ்ணா நீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாபலேசுவரத்தில் பிறக்கும் கிருஷ்ணையின் நீர், ஸ்ரீசைலம், சோமசீலா, கண்டலேறு அணைகளின் வழியே ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையைத் தொட்டுப் பூண்டியை அடைகிறது. எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதல்வர்களாக இருந்தபோது 1983-இல் ஒப்பந்தமான தெலுங்கு கங்கைத் திட்டத்தின் பயன் அது. நீர் வந்து சேர்ந்தது 1996-இல். மற்றொன்று காவிரி நீர். குடகில் பெய்யும் மழை மேட்டூர் வழியே கொள்ளிடத்திற்கு வந்து, வீராணம் ஏரியில் நிறைந்து, 2004 முதல் குழாய் வழியே போரூர் நீர்ப்பகிர்மான நிலையத்தை வந்தடைகிறது. போரூருக்கும் வடபழனிக்கும் இடைவெளி எவ்வளவு என்பதை நாம் அறிவோம்!

2019-ஆம் ஆண்டை இங்கு மறவாதிருப்போம். முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அவ்வாண்டுக் கோடையில் வறண்டன. சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. அதே ஆண்டில் நாட்டின் தென்மேற்குப் பருவமழையோ இயல்பில் 110 விழுக்காடு! நாடு நனைந்தபோது நகரம் தவித்தது. ஆதலின் நாட்டுச் சராசரி ஒன்றையே நம்பித் திட்டமிடுவோர் ஏமாறுவர். ஒவ்வொரு ஏரிக்கும், ஒவ்வொரு படுகைக்கும், ஒவ்வொரு பருவத்திற்கும் தனித்தனி அளவு வேண்டும்.

முடிவுரை

தாது வருஷத்தில் மக்கள் மாண்டதற்கு மழையின்மை மட்டுமே காரணமன்று. தானியம் இருந்தும் அது பசித்தவர்க்குப் போய்ச் சேராததும் காரணம். ஆகவே முன்னறிவிப்பு மட்டும் பஞ்சத்தைத் தடுத்துவிடாது. அறிந்தபின் செயற்படும் மனமும் வேண்டும். அதேவேளையில், அறியாமல் செயற்படவும் இயலாது. அறிவதற்கு வேண்டுவது ஆண்டுதோறும் தவறாமல் அளக்கும் பொறுமை. சர்ச் குழாயுடன் மலையேறியதும், பிளான்போர்டு பதிவேடுகளைப் புரட்டியதும், நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வுக் கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வெப்பமும் மழையும் குறிக்கப்பட்டு வந்ததும் அப்பொறுமையின் வடிவங்களே. அக்கூடத்தின் கற்றூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

மாணவ நண்பர்களே! நாம் வெண்பனியை அளக்க முடியாது. ஆனால் ஒரு மழைமானியைக் கல்லூரித் திடலில் வைத்து நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து எழுத முடியும். நம் தெருக் கிணற்றில் நீர்மட்டம் மாதந்தோறும் எத்தனை அடி இறங்குகிறது என்பதைக் குறிக்க முடியும். நம் பேராசிரியர்கள் வழிகாட்டினால், ஆண்டுதோறும் சேரும் மாணவர் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அந்த ஏட்டை ஒப்படைக்கலாம். பத்தாண்டுகள் கழிந்தபின் அந்த ஏடு, வடபழனியின் நீர்நிலை பற்றி எந்த நூலும் கூறாத உண்மையைக் கூறும். அதற்கான முதல் வரியை வரும் சூன் மாதத்திலேயே எழுதத் தொடங்குவோமாக!